மாமியார் பார்க்கக் கூடாத வாய்

என் சமையலைச் சாப்பிட்டு இதுவரை யாருக்கும் வயிறு கெட்டதில்லை. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எங்கள் பீடபூமிக்கு நடந்து வருகிற வெளிநாட்டுக்காரர்களில் பாதிப் பேர் கையில் மாத்திரைப் பெட்டியோடுதான் இறங்குவார்கள். திரும்பும்போது பெட்டியைப் பிரிக்காமலே கழுதைக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவன் எது எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருக்கிறான். அது வேறு வழக்கு.

சமையல்காரனுக்குச் சுத்தம்தான் முக்கியம். தண்ணீர் இல்லாத இடத்தில் அடிப்பிடித்த சட்டியைப் பளபளவென்று ஆக்க எனக்குத் தெரியும். மெல்லிய மணல், ஒரு கந்தைத் துணி, நாலு சொட்டு ஈரம் போதும். அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான்.

பக்கத்து அறையில் நீங்கள் அடைத்து வைத்திருப்பது என் மச்சான் அமாயாஸை. அவன் வழிகாட்டி. ஓவியக் குகைகளுக்குக் காவலும் அவன்தான். குகை என்று பெயர்தானே தவிர, பாறை முன்னால் நீண்டு நிழல் தருகிற இடங்கள். அந்த ஓவியங்களுக்கு நடந்ததை அவன் செய்யவில்லை. செய்தது நான். அவனை வெளியே விடச் சொல்லத்தான் நானாகவே நடந்து வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகக் கேட்டால் எல்லாம் நியாயமாகவே நடந்தது என்பது உங்களுக்கே விளங்கும்.

அமாயாஸ் என் அத்தை மகன். நீங்கள் வடக்கே கடலோர ஓரான் பக்கத்துக்காரர், எங்கள் பாலைவன ஜானெட்டுக்கு மாற்றலாகி வந்து அதிக நாளாகவில்லை, அதனால் சொல்கிறேன். எங்களில் அத்தை மகனும் மாமன் மகனும் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கழுதை திருடன் என்று சந்தையில் நின்று கத்தலாம். நிக்காஹ் நடக்கும்போது மாப்பிள்ளைக்கு மாலைக்கண் என்று கிளப்பிவிடலாம். அவன் என் நிக்காஹில் அப்படித்தான் செய்தான். கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால், கோபித்தவனுக்குத்தான் அவமானம். நானும் சும்மா இருந்தவனில்லை. அவன் காதைப் பார்த்தால் ஆடு பால் கொடுக்க மறுக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்தது வாய். எங்கள் ஆண்கள் முகத்துணியை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டுகிறோம். வாய் வெளியே தெரிவது அசிங்கம். எல்லார் முன்னாலும் அசிங்கம், மாமியார் முன்னால் மகா அசிங்கம். அவர் இருக்கும் இடத்தில் நான் சாப்பிட மாட்டேன், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன், அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எழுத வேண்டுமென்றால் அமாயாஸைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரைஷாவை நான் கட்டி இத்தனை வருடத்தில் என் மாமியார் என் உதட்டு நுனியைக்கூடப் பார்த்ததில்லை. மருமகன் என்றால் மாஷார் மாதிரி இருக்க வேண்டும் என்று மற்ற மாமியார்கள் அவரிடம் பொறாமையோடு சொல்வார்கள். எனக்குச் சொத்து என்று ஏதாவது இருந்தால் அது இந்தப் பேர்தான்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

தின் அஸெகர் குகையில் ஒரு பெரிய மாட்டு மந்தை இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமாய், கொம்புகள் எல்லாம் அவ்வளவு அழகு. இந்தப் பாலை முழுக்கப் புல்லாக இருந்த காலத்தில் யாரோ வரைந்தது. மந்தைக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். ஆண்களில் ஒருவர் குத்துக்காலிட்டு, கையில் கிண்ணத்தோடு பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார். வாய் திறந்திருக்கிறது. கீழுதடு கொஞ்சம் முன்னால் நிற்கிறது. அவ்வளவுதான்.

ஒரு நாள் அமாயாஸ் ஒரு கூட்டத்தை அந்தப் பாறைக்கு முன்னால் நிறுத்தி, குச்சியால் அந்த ஆளைக் காட்டினான்.

"இவரு யாருன்னு தெரியுதா? நம்ம சமையல்காரரு மாஷார்."

"அவரோட முன்னோரா?" என்று ஓர் இத்தாலியப் பெண்மணி கேட்டார்.

"முன்னோரெல்லாம் இல்லம்மா. அவரேதான். சோறு எப்ப வரும்னு உக்காந்திருக்காரு."

"எப்படிச் சொல்றீங்க? அவர் மூஞ்சியே தெரியலயே."

"சின்ன வயசுல ஒரே சுனையில அம்மணமா குளிச்சவன் நான். அந்தக் கீழுதட்டப் பாருங்க. கழுதைச் சேணத்த அதுமேல மாட்டி வைக்கலாம். அதே உதடு, அதே ஏக்கம்."

கூட்டம் பாறையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது, பிறகு பாறையைப் பார்த்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. இத்தாலியப் பெண்மணி என்னைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தார். துணியைக் கொஞ்சம் இறக்க முடியுமா என்றும் கேட்டார். நல்ல மனுஷி, தெரியாமல் கேட்டார். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

சாடை துளியும் இல்லை. அவன் பார்த்தது ஒரு சிறுவனின் வாய். அதற்குப் பிறகு என் வாய் எவ்வளவோ மாறியிருக்கிறது. இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவன் எல்லாக் கூட்டத்துக்கும் அதையே சொன்னான். மற்ற வழிகாட்டிகள் தொற்றிக்கொண்டார்கள். தின் அஸெகர் என்ற பெயர் போய், "இன்னிக்கு மாஷார் வாயில தங்கறோம்", "மாஷார் வாயில நல்ல நிழல்" என்று பேச்சு வந்தது. கசாப்புக் கடைக்காரர், அவர் எனக்கு மச்சானும் இல்லை ஒன்றும் இல்லை, "உதட்டுக்கறி இருக்கு, வேணுமா?" என்று கேட்டார். கப்பல் இல்லாத ஊர் எங்களுடையது, அதனால் என் மானம் கழுதை ஏறியது. வீட்டுக்கு வந்து ரைஷாவிடம் புலம்பினேன். அவள் ஒரு முறை அந்தப் பக்கம் ஆடு தேடிப் போனபோது படத்தைப் பார்த்திருக்கிறாள்.

"சும்மா கிண்டல்தானே. ஆனா ஒண்ணு, லேசா சாடை இருக்கு," என்றாள்.

ரைஷாவுக்குத் தூரப்பார்வை கொஞ்சம் மட்டம்.

இதோடு போயிருந்தால் நான் இன்று அடுப்படியில் இருப்பேன். ஆனால் போன குளிர்காலத் தொடக்கத்தில் ஊர்ப் பெண்களை ஓவியம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடானது. நம் சொத்தை நாமே பார்க்காவிட்டால் எப்படி என்று யாரோ பேசினார்களாம். நான் வீட்டில் பாய்த் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். மாமியார் அந்தப் பக்கம். நடுவில் ரைஷா. எங்கள் பேச்செல்லாம் அவள் வழியாகத்தான் போகும், வரும்.

"ரைஷா, அவருகிட்ட கேளு. மலை மேல அவர வரைஞ்சு வச்சிருக்காங்களாமே, நெசமா?"

"நெசமான்னு கேக்குறாங்க," என்றாள் ரைஷா, என் காதுக்கும் தடுப்புக்கும் ஒரு முழம்கூட இல்லாதபோதும்.

"அது ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்தின ஆளுன்னு சொல்லு."

"ஆயிரக்கணக்கான வருஷத்து ஆளாம், அம்மா."

"அப்ப அவருக்கும் அந்த வயசு இருக்குமான்னு கேளு. பாத்தா தெரியலயே."

ரைஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் கேட்டாள்.

"அடுத்த வாரம் நாங்க எல்லாரும் போறோம். கழுதைக்குச் சொல்லியாச்சு. மண்ணுக்குள்ள போறதுக்குள்ள மருமகன் வாய ஒரு தடவ பாத்துடலாமேன்னு ஆசையா இருக்குன்னு சொல்லு."

அவர் கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும், அந்த வாயைப் பார்த்துவிட்டு வந்து அவர் அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்வார், நான் இந்தப் பக்கம் உட்கார்வேன், அவர் மனதில் அந்த உதடு இருக்கும். வீடும் கூடாரமும் எங்களில் பெண்ணுடையது, ஐயா. மரியாதை போன மருமகனை யாரும் துரத்த மாட்டார்கள். அவனே சேணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். எனக்கு ரைஷாவை விட்டுப் போக முடியாது. அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அமாயாஸிடம் பேசிப் பார்த்தேன்.

"டேய், பொம்பளைங்க வரும்போது மட்டும் அந்த ஆளப் பத்தி வாயத் தொறக்காத."

"ஏன் மச்சான், கோபமா?"

"கோபமா? எனக்கா?"

"அதானே பாத்தேன். உன் மாமியாருக்கு முன்னாலயே நின்னு காட்டுறேன், கவலப்படாத."

கோபமில்லை என்று சொன்ன பிறகு மேலே என்ன பேச முடியும்?

பெண்கள் போவதற்கு முந்தின நாள், ஒரு பெல்ஜியக் கூட்டத்தோடு நாங்கள் தின் அஸெகரில் மதியம் தங்கினோம். நான் அன்று கொஞ்சம் கனமாகவே சமைத்தேன். சாம்பலில் சுட்ட ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றி, மேலே நெய்யும் விட்டேன். கூட்டம் மொத்தமும் படுத்துவிட்டது. அமாயாஸ் குறட்டை விட்டான்.

உள்ளே போய் அந்த ஆளுக்கு சலாம் சொன்னேன். மரியாதை முக்கியம். அவரை அழிக்கும் எண்ணமே எனக்கு இல்லை. அவருக்கும் ஒரு முகத்துணி கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். என் துணியின் நீலச் சாயம் வியர்வை பட்டாலே தோலில் ஒட்டும். ஓரத்தை நனைத்து அவர் வாய் மேல் மெல்ல ஒற்றினேன். நீலம் பாறையில் ஒட்டவில்லை. பாறையிலிருந்த சிவப்புதான் துணிக்கு வந்தது. அப்போதுதான் தெரிந்தது, இது தேய்த்தால் வருகிற சாயம் என்று.

மெல்லிய மணல், கந்தைத் துணி, நாலு சொட்டு ஈரம். சட்டி தேய்ப்பதைவிடச் சுலபமாக இருந்தது. வாயை மட்டும்தான் எடுத்தேன். மூக்கு, கண், கையில் கிண்ணம் எல்லாம் அப்படியே. மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் எட்டி நின்று பார்த்தபோது ஒரு சங்கடம். இத்தனை பேரில் ஒருவருக்கு மட்டும் வாய் இல்லை என்றால், யாருடைய வேலை என்று அமாயாஸ் மட்டுமல்ல, கழுதையும் சொல்லிவிடும். எனவே பக்கத்தில் இருந்தவருக்கும் எடுத்தேன். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு. எல்லாருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டே போகிற மாதிரிதான், ஒருவரை மட்டும் விட முடியாது. பெல்ஜியர்கள் எழுந்திருப்பதற்குள் அந்தக் குகையின் ஆண்கள் எல்லாரும் மரியாதையாக இருந்தார்கள்.

மறுநாள் பெண்கள் போய்விட்டு வந்தார்கள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரைஷா, அவருகிட்ட சொல்லு. படத்தப் பாத்தேன். வாயே இல்ல. அம்புட்டு அடக்கமா உக்காந்திருக்காரு. அச்சு அசல் எம் மருமகன்தான்."

என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அமாயாஸ் காற்றின் வேலை என்றான். அந்த வருடம் மணல்காற்று கடுமைதான். ஆனால் ஒரு குகையில் மட்டும் அடிக்கிற காற்றை யார் நம்புவார்கள்? யோசித்துப் பார்த்தால் அடுத்த குகையிலும் கொஞ்சம் அடித்திருக்க வேண்டும். அதற்கடுத்ததிலும். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு நிறையக் கூட்டம் கிடைத்தது, எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினார்கள். வடக்குப் பள்ளத்தாக்கில் சாயம் இறுகிப்போய் மணலுக்கு மசியவில்லை, அங்கே சப்பைக் கல் வேண்டியிருந்தது. சில இடங்களில் பாறையே தோலாக உரிந்து வந்துவிட்டது. வாயோடு மூக்கும், மூக்கோடு தலையும் போயிற்று. ஓரிடத்தில் வேட்டைக்காரர்கள் வரிசை முழுதாகக் கீழே விழுந்தது. அவற்றை என் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவை நான் வேண்டுமென்று செய்தவை அல்ல. மொத்தம் எத்தனை என்று கேட்டீர்கள். பாதையில் உள்ள குகைகள் எல்லாம். பாதையில் இல்லாத சிலவும்.

எவ்வளவு பழமை என்று எனக்கும் தெரியும், ஐயா. அமாயாஸ் சொல்லிக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். அத்தனை ஆயிரம் வருடம் திறந்தே கிடந்த வாய்கள் இனிமேலாவது மூடியிருக்கட்டுமே என்று ஒரு கட்டத்தில் எனக்குத் தோன்றியது. அந்த மனிதர்களுக்கும் மாமியார்கள் இருந்திருப்பார்கள்.

பெண்களின் படங்களை நான் தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாய் அவர்கள் பாட்டுக்கு இருக்கிறது. எங்களில் பெண் முகத்தை மூடுவதில்லை, மூட வேண்டிய அவசியமும் இல்லை. மாடு, நாய், ஒட்டகச்சிவிங்கி எதையும் தொடவில்லை. நான் கண்மூடித்தனமாக எதையும் அழிக்கிற ஆள் இல்லை.

அதுதான் காட்டிக்கொடுத்தது. தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து நஸீமா என்று ஒரு ஆராய்ச்சி அம்மா வந்தார். குகை குகையாகப் பார்த்தார். நானும் அமாயாஸும் பின்னால் நின்றோம். தின் அஸெகரில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"காத்துன்னீங்க. இந்தக் காத்துக்கு ஆம்பள யாரு பொம்பள யாருன்னு தெரியுது. ஆம்பளைங்க வாய் மேல மட்டும்தான் அடிச்சிருக்கு. வேற ஊர்க்காரன் எவனும் இப்படி அழிக்க மாட்டான்."

எனக்கு அது தோன்றவே இல்லை. பெண்கள் வாயை எதற்கு எடுக்க வேண்டும் என்று இப்போதும் எனக்குப் புரியவில்லை.

அமாயாஸ் அந்தக் கிண்ணக்காரருக்கு முன்னால் போய் உட்கார்ந்தான். முகத்துணிக்கு மேலே கண் மட்டும்தானே தெரியும், ஆனாலும் துணி நனைவது தெரிந்தது. "எங்கப்பா இவங்களுக்கு சலாம் சொல்லிட்டுத்தான் உள்ள நுழைவாரு," என்று அந்த அம்மாவிடம் சொன்னான். நானும் சலாம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நீங்க ஏன் நிக்கிறீங்க, உக்காருங்க," என்றான்.

நீங்க என்றான், ஐயா. பேச்சு வந்த நாளிலிருந்து அவன் என்னைக் கழுதை என்றும் உதடா என்றும் டேய் என்றும்தான் கூப்பிட்டிருக்கிறான். எனக்கு யாரோ நெஞ்சில் உதைத்தது போல் இருந்தது. நானே ஆரம்பித்துப் பார்த்தேன். "என்னடா, உன் காதப் பாத்து ஆடு எல்லாம் ஓடிடுச்சாமே," என்றேன். "ஆமாங்க," என்றான்.

காவல்காரன் அவன், எல்லாக் கூட்டத்தோடும் போனவன் அவன், முகத்துணி கட்டியவன் அவன் என்று நீங்கள் அவனைப் பிடித்தீர்கள். அவன் என் பெயரைச் சொல்லவில்லை. இன்று இந்தத் தாழ்வாரத்தில் வரும்போது கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "வாங்க, நல்லா இருக்கீங்களா," என்று கேட்டான். இந்த விவகாரத்தில் எனக்கு அநியாயமாகப் படுவது இது ஒன்றுதான். வெளியே விட்டால், நாலு நாள் போனால், பழையபடி திட்ட ஆரம்பித்துவிடுவான் என்று நம்புகிறேன். அதற்காகத்தான் வந்தேன். அவ்வளவுதான் என் வாக்குமூலம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். சிரிக்கிறீர்களா, கோபமா என்று தெரியவில்லை.

"ஒரு உதட்டுக்காக எவனாவது இம்புட்டையும் அழிப்பானா? மச்சான வெளிய எடுக்கக் கத கட்டுற," என்கிறீர்கள். இழுப்பறையிலிருந்து ஒரு பெரிய போட்டோவை எடுத்து மேஜையில் வைக்கிறீர்கள். தின் அஸெகர், கிண்ணத்தோடு அந்த ஆள், எப்போதோ யாரோ எடுத்தது. வாய் உட்பட எல்லாம் இருக்கிறது.

"துணிய எறக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறேன். சாடை இருந்தா நீ சொன்னது உண்மை, உன் மச்சான் இந்த நிமிஷமே வீட்டுக்குப் போறான். இல்லேன்னா நீ கெளம்பு."

நியாயமான பேச்சு. கதவும் சாத்தித்தான் இருக்கிறது. ஆனால் சாடை இல்லை என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஐயா. இல்லாததை எப்படிக் காட்டுவது? நான் துணியை இறக்கினால் சாடை இல்லை என்று நீங்களே சொல்வீர்கள், அமாயாஸ் உள்ளேதான் இருப்பான். இறக்காவிட்டாலும் உள்ளேதான் இருப்பான். யோசித்துப் பார்த்தால் இறக்காததால் அவனுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவன் பொறுமைசாலி. சாப்பாடு நான் அனுப்பி வைக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் போட்டோவைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள். உங்கள் காவலர் எந்த நேரமும் உள்ளே வரலாம். என் வாய் இப்படி மேஜைமேல் திறந்து கிடப்பதை அவர் பார்த்தால் நன்றாக இருக்காது.